தோள்வலியும் ஏழு கிலோ பையும்

மதுரையிலிருந்து திருமங்கலம் போகிற வழியில் உள்ள ஓர் ஊரிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் எதுவும் வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதம் ஆறு பக்கம். சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 57. எடை 62 கிலோ. ஒன்பது வருடமாகச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறார். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதிவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறார். கணவர் காலமாகி நான்கு வருடம். மகள் பெங்களூரில், மகன் சென்னையில். இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது எங்காவது கிளம்பிவிடுகிறார், பெரும்பாலும் தனியாக. பெங்களூருக்கு வந்தே பாரத், சென்னைக்கு வைகை அல்லது பாண்டியன். வலது தோளில் ஒரு ஜிப் பை, இடது கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. இதுதான் வருடக்கணக்கில் அவருடைய ஏற்பாடு.

நான்கு மாதமாக வலது தோளில் வலி. தலை பின்னக் கை எட்டவில்லை. முந்தானையைப் பின்னால் கொண்டுபோய்ச் செருக முடியவில்லை. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் விழிப்பு வந்துவிடுகிறது. மகன் பதறிப்போய் நாலு சக்கரப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். கெட்டியான ஓடு, பளபளப்பு, காலியாகவே 3.1 கிலோ. மகளோ, "அது படியேறாதும்மா, முதுகில் மாட்டுகிற பை வாங்கு" என்கிறார். "இந்த வயதில் ஸ்கூல் பிள்ளை மாதிரி முதுகில் பையா?" என்று இவருக்குக் கூச்சம். சித்திரையில் சிங்கப்பூரில் இருக்கும் தம்பி வீட்டுக்கு ஒரு வாரம் போகப்போகிறார். அங்கேயும் கைப்பையோடு மட்டும் போய் வர ஆசை. "ரயில், பஸ், விமானம் எல்லாவற்றுக்கும் ஒரே பையாகச் சொல்லுங்கள். நல்ல பை அமைந்தால் இந்த வலியும் போய்விடும்" என்று முடித்திருக்கிறார்.

அம்மா, வணக்கம்.

பை விஷயத்தில் உங்களுக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் எந்தத் தோளில் பை மாட்டுகிறார்கள் என்று கவனிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரியை அப்படியே விட்டுவிட்டுப் பைக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

முதலில் தோள்

நீங்கள் நினைப்பதுபோல் இது பை தந்த வலியாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஒரே தோளில் பை மாட்டினால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தசை இறுகும், அழுத்தினால் வலிக்கும். இரண்டு நாள் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். நீங்கள் எழுதியிருப்பது வேறு. கை மேலே போகவில்லை, பின்னால் போகவில்லை, ராத்திரியில் வலி கூடுகிறது. வயது நாற்பதிலிருந்து அறுபதுக்குள், பெண், கூடவே சர்க்கரை. இத்தனையும் சேர்ந்தால் எனக்கு முதலில் தோன்றுவது தோள்மூட்டு இறுக்கம். 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்று டாக்டர்கள் சொல்வார்களே, அதுதான். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிப்போவது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும், பையே தூக்காதவர்களுக்கும் வரும்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையைத் தளரவிட்டு, வேறொருவரை மெதுவாக உங்கள் கையை உயர்த்தச் சொல்லுங்கள். அவர்கள் தூக்கியும் ஒரு கட்டத்துக்கு மேல் போகாமல் கதவு பூட்டினாற்போல் நின்றால் மூட்டு இறுகியிருக்கலாம். நீங்களாகத் தூக்கும்போது வராத கை அவர்கள் தூக்கினால் மேலே போகிறது என்றால் தசைநாரில் ஏதாவது இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இது ஒரு ஊகத்துக்குத்தான், எலும்பு மருத்துவர் நேரில் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். அரசு ராஜாஜி மருத்துவமனையில் எலும்புப் பிரிவும் பிசியோதெரபிப் பிரிவும் இருக்கின்றன. போகும்போது கடைசியாக எடுத்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைச் சீட்டையும் கொண்டுபோங்கள். தோளில் ஊசி போடலாம் என்று சொன்னால் சர்க்கரை இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும்.

பயிற்சியே செய்யாமல் கையைக் கட்டிப்போட்டு வைப்பதும், "வலிச்சாத்தான் சரியாகும்" என்று யாராவது சொன்னதைக் கேட்டு வெடுக்கென்று இழுப்பதும் இரண்டுமே கெடுதல். இந்த இறுக்கம் தானாகத் தளர ஒன்றிலிருந்து மூன்று வருடம் வரைகூட ஆகலாம். முறையாகப் பயிற்சி செய்தால் நடுவில் உள்ள நாட்களைச் சுலபமாகக் கடக்கலாம். கை மரத்துப்போவது, பிடி தளர்வது, காய்ச்சலோடு மூட்டு வீங்குவது இதில் எது இருந்தாலும் சித்திரை வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே காட்டுங்கள்.

ஆக, நல்ல பை உங்கள் தோளைக் குணப்படுத்தாது. குணமாகிக்கொண்டிருக்கும் தோளை மறுபடி கெடுக்காமல் இருக்கும். அதற்குத் தகுந்த பை எது என்று இனிமேல் பார்க்கலாம்.

சக்கரம் எங்கே உருளாது?

பெட்டி வாங்கப் போனால் கடைக்காரர் வழவழத் தரையில் ஒரு விரலால் தள்ளிக் காட்டுவார். அங்கே எல்லாப் பெட்டியும் அழகாகத்தான் ஓடும். உங்கள் மகனும் அதைப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார், அவர்மேல் குற்றமில்லை.

இப்போது நீங்களே எழுதிய பெங்களூர் வழியை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியை ஆட்டோவில் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். நிலையத்துப் பாலத்தில் ஏற வேண்டும், இறங்க வேண்டும். ரயில் படியில் ஏற வேண்டும். அந்த வந்தே பாரத்தில் எல்லாமே உட்காரும் இருக்கை, அதனால் பெட்டியைத் தலைக்கு மேலே உள்ள தட்டில் வைக்க வேண்டும். அப்புறம் அதை எடுக்க வேண்டும், படியில் இறங்க வேண்டும், மகள் வீட்டில் லிஃப்ட் இல்லாத இரண்டு மாடி ஏற வேண்டும். எண்ணிப் பாருங்கள், ஒன்பது இடம். ஒன்பதிலும் சக்கரத்துக்கு வேலையில்லை. அங்கெல்லாம் அது நீங்கள் சேர்த்துத் தூக்குகிற எடைதான்.

இந்த ஒன்பதில் எனக்குப் பயம் ஒன்றில்தான், தலைக்கு மேலே தூக்கி வைப்பது. கையை முழுக்க நீட்டி, உடம்பைத் திருப்பி, பின்னால் நிற்கிறவர் அவசரப்படுத்த, ஆறேழு கிலோவை எக்கித் தள்ளுகிறோம். தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்வதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஊருக்குப் போய்விட்டு வந்தேன், அப்போதிலிருந்து வலி என்று என்னிடம் வருகிறவர்களிடம், "மேலே தூக்கி வைத்தீர்களா?" என்றுதான் முதலில் கேட்பேன். இன்றைய நிலையில் உங்கள் வலது கைக்கு அது கூடவே கூடாது.

சக்கரப் பெட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு நடப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. கை பின்னால் போய் முறுக்கிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு எந்தப் பக்கம் கை போகவில்லையோ அதே பக்கம். நாலு சக்கரப் பெட்டியைப் பக்கத்தில் நிறுத்தி இடது கையால் தள்ளிக்கொண்டு போகலாம், அதில் தப்பில்லை. விமான நிலையத்துத் தரையில் அது சுகமாகப் போகும். ஆனால் தார் பெயர்ந்த தெருவில் அந்தச் சின்னச் சக்கரம் இரண்டடிக்கு ஒரு முறை சிக்கும், நீங்கள் தூக்கிவிடுவீர்கள். சும்மா இழுத்தபோது இல்லாத சுளுக்கு அந்த வெடுக்கில் வரும்.

ஏழு கிலோ என்றால் எது ஏழு கிலோ?

கடிதத்தில் "உள்ளே ஏழு கிலோ வைக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை அம்மா. நம் நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்குக் கையோடு அனுமதிக்கும் ஏழு கிலோ என்பது பையையும் சேர்த்து. இண்டிகோவில் பையின் அளவு 55 × 35 × 25 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதோடு மூன்று கிலோவுக்குள் ஒரு சின்னக் கைப்பையும் வைத்துக்கொள்ளலாம். வேறு விமானங்களில் ஒரு பக்கம் சில சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கும். அதனால் 50 × 32 × 20 அளவுக்குள் ஒன்றை வாங்கிவிட்டால் எங்கேயும் வாக்குவாதம் இல்லை.

இப்போது உங்கள் ஒரு வாரச் சாமான்களை நிறுத்துப் பார்ப்போம். நான்கு பருத்திச் சேலை, சுங்குடி மாதிரி மெல்லியது என்றால் ஒன்று சுமார் 450 கிராம், ஆக 1.8 கிலோ. அதற்கான பாவாடை, ஜாக்கெட் ஒரு கிலோ. இரண்டு நைட்டி 600 கிராம். ஈரிழைத் துண்டு ஒன்று 150. மாத்திரை, சர்க்கரை பார்க்கிற மெஷின், மருந்துச் சீட்டு 400. சோப்பு, எண்ணெய், பவுடர் வகையறா 400. ஒரு ஜோடிச் செருப்பு 300. மொத்தம் 4.65 கிலோ.

இதை மகன் வாங்கித் தந்த 3.1 கிலோ பெட்டியில் வைத்தால் 7.75 கிலோ. பேரனுக்கு ஒரு முறுக்குகூட எடுக்காமலே முக்கால் கிலோ அதிகம். 1.2 கிலோ எடையுள்ள துணிப்பையில் வைத்தால் 5.85. இன்னும் ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம். வேறு எந்தச் சாமானையும் குறைக்காமல், பையை மாற்றியதிலேயே இவ்வளவு கிடைக்கிறது. பை வாங்கும்போது நிறம், ஜிப், உள்ளறை எல்லாம் பார்க்கிறோம். காலி எடை அட்டையில் அச்சடித்திருந்தாலும் அதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

ரயிலில் எடைக்குக் கணக்கே இல்லை என்று நினைப்பதும் சரியில்லை. இலவசமாகக் கொண்டுபோக ஸ்லீப்பரில் 40 கிலோ, இரண்டாம் வகுப்பில் 35 கிலோ என்று வரம்பு இருக்கிறது. உங்களுக்கு அது பொருட்டே இல்லை. ரயிலில் உங்கள் வரம்பை ரயில்வே வைக்கவில்லை, உங்கள் உடம்புதான் வைக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று 2020இல் வந்த பள்ளிப்பைக் கொள்கை சொல்கிறது. பெரியவர்கள் இன்னும் கொஞ்சம் கூடச் சுமக்கலாம். ஆனால் இந்தத் தோளோடு நீங்கள் பிள்ளைக் கணக்கிலேயே இருங்கள். 62 கிலோவுக்கு ஆறு. தோள் சரியாகும்வரை நான் ஐந்துதான் சொல்வேன்.

சரி, கட்டைப்பைக்கு வருவோம். ஆறு பக்கக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். "கூட ஒரு கட்டைப்பை இருக்கும், அது ஒன்றும் கனமில்லை." இட்லிப்பொடி, முறுக்கு, தண்ணீர் பாட்டில், வழிக்குச் சாப்பாடு, கிளம்பும்போது அக்கா கொடுத்த வாழைப்பழம். அதை ஒரு நாள் தராசில் வையுங்கள். ஐந்து கிலோவுக்குக் குறையாது என்று பந்தயம் கட்டத் தயார். விரல் இடுக்கை அறுக்கிற அந்த மெல்லிய கைப்பிடியோடு ஐந்து கிலோ ஒரு பக்கமாகத் தொங்கும்போது முதுகெலும்பு மறுபக்கம் சாய்ந்து ஈடு கட்டுகிறது. முதல் சீர்திருத்தம் அங்கேதான் வேண்டும்.

அப்படியானால் எந்தப் பை?

மகள் பக்கம்தான் நான். முதுகில் மாட்டுவது, ஆனால் பள்ளிப்பை வடிவம் வேண்டாம். மேலே வாய் உள்ள பையில் அடியில் இருக்கிற மாத்திரையை எடுக்க மொத்தத்தையும் கொட்ட வேண்டும். பெட்டி மாதிரி மூன்று பக்கமும் ஜிப் ஓடி, புத்தகம்போல் விரிகிற பயணப்பைகள் இப்போது கிடைக்கின்றன. சேலையை மடிப்புக் கலையாமல் படுக்கவைக்கலாம். 30 லிட்டர் போதும். 45 லிட்டர் வாங்காதீர்கள். நான் ஒரு முறை, இடம் இருந்தால் நல்லதுதானே என்று அதை வாங்கினேன். இருக்கிற இடத்தையெல்லாம் நிரப்பிவிட்டு, மாட்டுத்தாவணியில் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய அன்றைக்குத்தான் புத்தி வந்தது. நோயாளிகளிடம் இதைச் சொல்வதில்லை.

டவுன்ஹால் ரோடு பக்கம் கடையில் பார்க்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

தோள்வார் அகலமாக, உள்ளே கெட்டியான பஞ்சோடு இருக்க வேண்டும். நாடா மாதிரி மெல்லியது தோளை அறுக்கும். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு சின்ன வார், இடுப்பில் ஒரு பெல்ட் இருந்தால் மிகவும் நல்லது. இடுப்பு பெல்ட்டை இறுக்கினால் பாரத்தில் ஒரு பகுதி தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு இறங்கிவிடும். உங்களுக்கு இதைவிட முக்கியமான அம்சம் வேறில்லை.

மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு கைப்பிடி வேண்டும். ரயில் படியில் யாராவது கைகொடுத்துத் தூக்க, இருக்கைக்குக் கீழே தள்ளி இழுக்க, பக்கப் பிடிதான் உதவும்.

தோள்வார்களை உள்ளே மடித்து மறைக்க முடிந்தால் கையில் பிடிக்கும் சாதாரணப் பையாக மாறிவிடும். முதுகுப் பக்கத்தில் குறுக்கே ஒரு பட்டை தைத்திருந்தால் சக்கரப் பெட்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் ஒரே பை என்று கேட்டீர்களே, இந்த இரண்டும் இருந்தால் அது அநேகமாக நடந்துவிடும்.

பளபளப்பு, பாஸ்வேர்டு பூட்டு, சார்ஜர் சொருகும் ஓட்டை இதற்கெல்லாம் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

கடையில் காலிப் பையை மாட்டிப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று வந்துவிடவும் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நான்கைந்தை உள்ளே வைத்துத் தரச் சொல்லுங்கள், ஐந்து கிலோ கிட்ட வரும். மாட்டிக்கொண்டு கடைக்குள்ளே பத்து நிமிடம் நில்லுங்கள், ஒரு மாடிப்படி ஏறி இறங்குங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பையில் சக்கரமும் இருந்து முதுகு வாரும் இருக்கிற இரண்டுங்கெட்டான் ரகம் ஒன்று உண்டு. பார்த்தால் ஆசையாக இருக்கும். சக்கரம், இழுக்கும் தண்டு எல்லாம் சேர்ந்து இரண்டரை கிலோவைத் தொட்டுவிடும், முதுகில் மாட்டினால் அந்தத் தண்டு குத்தும். உங்களுக்கு வேண்டாம்.

இந்தத் தோளோடு மாட்டுவது எப்படி?

முதுகுப்பையில் உங்களுக்கு ஒரே சிக்கல் மாட்டுவதும் கழற்றுவதும்தான், அப்போது கை பின்னால் போகும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. பையைத் தரையிலிருந்து தூக்கி வீசி மாட்டாதீர்கள். இடுப்பு உயரத்தில் ஒரு திண்ணை, பெஞ்சு, மேசை எதிலாவது வைத்து, அதற்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். மாட்டும்போது வலிக்கிற கை முதலில். கழற்றும்போது வலிக்கிற கை கடைசியில். ஜாக்கெட் போடுவதற்கும் இதே முறைதான், செய்து பாருங்கள், காலையில் பாதி அவஸ்தை குறையும்.

சேலைக்கு மேல் பை மாட்டுவதில் இன்னொரு தொல்லை, முந்தானை வாருக்கு அடியில் மாட்டிக்கொண்டு இழுக்கும். முந்தானையை முன்பக்கம் கொண்டுவந்து இடுப்பில் செருகிவிட்டு, இடது தோளில் ஒரு ஊக்கு குத்திவிட்டு, அப்புறம் மாட்டுங்கள். இடுப்பு பெல்ட்டைக் கொசுவத்துக்கு மேலே போடாமல் இடுப்பெலும்பின்மேல் படியுமாறு போட வேண்டும். பைக்குள் கனமான சாமான் முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும். கனத்தை வெளிப்பக்கம் வைத்தால் பை பின்னால் இழுக்கும், நீங்கள் முன்னால் கூனுவீர்கள். பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்தில் மட்டும் பையை முன்பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். ஜிப் உங்கள் கண் முன்னால் இருப்பது நல்லது.

கூச்சம் பற்றி எழுதியிருந்தீர்கள். தைப்பூசத்துக்கு முன்னால் திண்டுக்கல் ரோட்டில் போனால் தெரியும், உங்கள் வயது அம்மாக்கள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு பழனிக்கு நடந்தே போகிறார்கள். யாரும் அவர்களை ஸ்கூல் பிள்ளை என்று சொல்வதில்லை. மேலும், இரண்டு கையும் சும்மா இருப்பதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம். உங்கள் வயதில் சர்க்கரையும் இருக்கும்போது, கீழே விழாமல் இருப்பது தோள்வலியைவிடப் பெரிய விஷயம்.

ரயிலும் விமானமும்

பாண்டியனில் போகும்போது கீழ் பெர்த் கேளுங்கள். தனியாகப் போகும் 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது, பதிவு செய்யும்போதே அதைத் தேர்ந்தெடுக்கலாம். பை பெர்த்துக்கு அடியில் போய்விடும், தூக்குகிற வேலையே இல்லை. வைகையிலும் வந்தே பாரத்திலும் மேல்தட்டுக்கு ஆசைப்படாமல் 20 சென்டிமீட்டர் கனமுள்ள மெத்துப் பையைக் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கெட்டி ஓட்டுப் பெட்டியோடு அதைச் செய்து பாருங்கள், முழங்கால் எங்கே போகும் என்று தெரியும். மேலே வைத்தே ஆகவேண்டும் என்றால் பக்கத்து இருக்கைத் தம்பியைக் கேளுங்கள். நம் ஊரில் இதற்கு மறுத்தவரை நான் பார்த்ததில்லை. சாமான் அதிகமான அன்றைக்குப் போர்ட்டரை வைத்துக்கொள்வதை வீண் செலவாக நினைக்காதீர்கள். பிசியோதெரபி ஒரு நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

விமானத்தில், மதுரைக்கு வந்து போகிறவற்றில் இறக்கை விசிறி வைத்த ஏ.டி.ஆர். ரகமும் உண்டு. அதில் தலைக்கு மேல் உள்ள அறை சின்னது. கெட்டிப் பெட்டி நுழையாவிட்டால் வாசலிலேயே வாங்கிக் கீழே சரக்கு அறையில் போட்டுவிடுவார்கள். அப்படி எந்த விமானத்தில் கேட்டாலும், பவர்பேங்கையும் மாத்திரைப் பையையும் வெளியே எடுத்துக்கொண்டு கொடுங்கள். பவர்பேங்க் கீழே போகக்கூடாது என்பது விதி. மாத்திரை கீழே போகக்கூடாது என்பது என்னுடைய விதி. அதனால் மாத்திரை, சீட்டு, பாஸ்போர்ட், கண்ணாடி எல்லாம் எப்போதும் அந்தச் சின்னக் கைப்பையில்தான்.

சிங்கப்பூருக்குக் கையோடு கொண்டுபோகிற திரவம் எதுவானாலும் ஒரு பாட்டில் 100 மில்லிக்குள், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டருக்குள் இருக்க வேண்டும். நெய்யும் ஊறுகாயும் இந்தக் கணக்கில் மாட்டும். கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் அதைத் தொடவே வேண்டாம். தம்பிக்கு ஊறுகாய் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் தனியாகப் பெட்டி பதிவு செய்து, கசியாமல் கட்டி அதில் போடுங்கள்.

அதற்கு மகன் வாங்கித் தந்த பெட்டி இருக்கவே இருக்கிறது. திருப்பிக் கொடுத்து அவர் மனதைக் கஷ்டப்படுத்த வேண்டாம். சிங்கப்பூருக்கு அதைப் பதிவு செய்து அனுப்பலாம். சென்னையில் மகன் ஸ்டேஷனுக்கு வந்து தூக்குகிற அன்றைக்கும் எடுத்துப் போகலாம். தனியாக பெங்களூர் போகிற நாளைக்கு மட்டும் அது பீரோ மேலேயே இருக்கட்டும். அதை அங்கே ஏற்றி வைக்கும் வேலையையும் அவரிடமே விடுங்கள்.